ஈர வற்றல்

கழுகுமலையிலிருந்து என் தமக்கை மகன் சென்ற பெருநாளைக்கு வந்திருந்தான். சென்னையில் தொலைபேசி வழியே ஆயுள் காப்பீட்டுப் பாலிசி விற்கும் நிறுவனம் ஒன்றில் பதினான்கு மாதம் இருந்தவன். இப்போது மணியோசை கேட்டாலே அவன் முகம் வாடிவிடுகிறது. வற்புறுத்திக் கேட்டபின் சொன்னான்.

அங்கே எண்ணைச் சுழற்றுபவர் மனிதர் அல்லர். கணினியே ஒரே நேரத்தில் பல எண்களை அழைக்கிறது. எடுப்பவரை இவன் காதுக்கு இணைத்துவிடுகிறது. ஒன்று முடிந்து மூச்சு விடுமுன் அடுத்தது. எழுந்து போன நிமிடமெல்லாம் திரையில் பதிவாகும். லுஹர் தொழுத பத்து நிமிடமும் அதில் சேரும். தீப்பெட்டி ஆபீசில் எண்ணிக் கூலி வாங்கிய நம் கோவில்பட்டிப் பெண்களுக்கு எண்ணிக்கை புதிதன்று. ஆனால், குச்சி அடுக்கியவர் எவரையும் ஏமாற்ற வேண்டியிருக்கவில்லை.

'யோசிக்கிறேன்' என்பவருக்கு ஒரு பதில், 'மகனைக் கேட்க வேண்டும்' என்னும் முதியவருக்கு ஒரு பதில் என யாவும் அச்சடித்த தாளில் உண்டு. பத்தாண்டு தொடர்ந்து பணம் கட்ட வேண்டும் என்னும் வரியும் உண்டு. கடைசியில், வேகமாகப் படிப்பதற்கு!

ஒருநாள் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் அகப்பட்டார். "தம்பி, கோவில்பட்டிப் பக்கமா?" என்று கேட்டு மகிழ்ந்தார். அந்தப் பேச்சு வழக்கை நம்பியே, ஒரே தவணை என்று எண்ணி 24,000 ரூபாய் கட்டினார். மேலாளர் கைதட்டினார். இவனுக்கு அன்றிரவு உறக்கமில்லை.

மனத்தில் பதிந்த எண்ணைத் தன் கைபேசியிலிருந்து அழைத்தான். உண்மை சொல்ல அழைத்தபோது அவர் எடுக்கவில்லை. நான்காம் முறைதான் எடுத்தார். பத்திரம் கைக்கு வந்த 30 நாளுக்குள் திருப்பி அனுப்பினால் சிறு கழிவு போகப் பணம் கிடைக்கும் என்று சொல்லிக்கொடுத்தான். அடுத்த வாரம் வேலையிலிருந்து நின்றான்.

இந்த 30 நாள் சலுகை தொலைபேசியில் விற்ற பாலிசிகளுக்கு முன்பே இருந்தது. 2024இல் எல்லா ஆயுள் பாலிசிகளுக்கும் வந்தது. விளம்பர அழைப்பே வேண்டாம் என்போர் 1909 என்ற எண்ணில் பதிந்துகொள்ளலாம். சகோதரிகளே, வீட்டில் தனித்திருக்கும் பெரியவர்களுக்கு இதை அவசியம் சொல்லி வையுங்கள். அழைப்பவரை மட்டும் ஏசாதீர்கள். 'வேண்டாம்' என்று வைத்துவிடுங்கள். அந்தப் பக்கமும் ஒரு வீட்டுப் பிள்ளைதான்.

மதீனாக் கடைவீதியில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தானியக் குவியலுக்குள் கைவிட்டு, ஈரத்தைக் கண்டு, மக்கள் காணும்படி அதை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று வணிகரைக் கேட்ட செய்தி நாம் அறிந்ததே. தாளின் கடைசி வரி எனக்கு அந்த ஈரமாகவே படுகிறது.

என் மச்சானுக்கோ மனத்தாங்கல். மிளகாய் வற்றல் கடையில் இவ்வாண்டு வரவு குறைவு. மகள் திருமணத்துக்கு வாங்கிய கடனும் நிற்கிறது. "மாதச் சம்பளத்தை உதறிவிட்டு வந்து நிற்கிறாயே" என்றார், என் முன்னிலையிலேயே.

"ஈர வற்றலை மூட்டையின் அடியில் போடக் கூடாது என்று நீங்கள்தானே அத்தா சொன்னீர்கள்?" என்றான்.

மச்சான் பதில் பேசவில்லை. சற்றுப் பொறுத்து, "சாப்பிட்டாயா?" என்று மட்டும் கேட்டார்.