மூன்றரை வட்டிக் கார்டு

"அவன் மூன்று வட்டிக்குக் கடன் வாங்கிவிட்டானாம்" என்று ஊரில் யாராவது சொன்னால், கேட்கின்றவர்கள் "ஐயோ, கெட்டான்!" என்று சொல்லுவது வழக்கம். மூன்று வட்டி என்றால் 100 ரூபாய்க்கு மாதம் 3 ரூபாய், வருஷத்துக்கு 36 ரூபாய். இந்தக் கணக்கு காடாம்புலியூரில் முந்திரி உடைத்துப் பிழைக்கின்ற, கையெழுத்துப் போடத் தெரியாத பாட்டிக்கும் தெரியும். ஆனால் அதே சாலையில் வடக்கே பண்ருட்டியிலும் தெற்கே வடலூர், நெய்வேலியிலும் மாதச் சம்பளம் வாங்குகின்ற படித்த கனவான்களை, "உங்கள் சட்டைப் பையிலிருக்கும் கிரெடிட் கார்டுக்கு எத்தனை வட்டி?" என்று கேட்டுப் பாருங்கள். பத்துப் பேரில் ஒருவர் சரியாகப் பதில் சொன்னால் அதுவே அதிசயமென்போம்.

நாமே சொல்லிவிடுகின்றோம். கெடுவுக்குள் முழுப் பணத்தையும் கட்டாமல் பாக்கி நிறுத்தினால், அநேக பாங்கிகளின் கார்டுகளில் மாதம் 3½ முதல் 3¾ வட்டி. அந்த வட்டியின் மேல் 100-க்கு 18 வீதம் ஜி.எஸ்.டி. வரி வேறு. ஆகவே 3½ வட்டி என்பது நம் கையை விட்டுப் போகும்போது 4 ரூபாய் 13 காசு ஆகின்றது. மூன்று வட்டிக்கு வாங்கின கிராமத்தானைப் பார்த்துப் பரிதாபப்படுகின்ற கனவான், அவனைவிட அதிக வட்டிக்குக் கடன்பட்டிருக்கின்றார் என்பது அவருக்கே தெரியாது. ஏனெனில் கடன் கொடுத்தவன் அவர் வீட்டுத் திண்ணையில் வந்து உட்காருவதில்லை. டெலிபோனில் ஒரு செய்தி வருகின்றது, அவ்வளவுதான்.

அந்தச் செய்தியில் "குறைந்தபட்சம் இவ்வளவு கட்டினால் போதும்" என்று ஒரு வரி இருக்கும். சூழ்ச்சியெல்லாம் அந்த ஒரு வரியில்தான் இருக்கின்றது. 1,00,000 ரூபாய் பாக்கி உள்ள ஒருவர், குறைந்தபட்சம் என்கின்ற 100-க்கு 5 வீதக் கணக்குப்படி மாதம் 5,000 ரூபாய் கட்டுகின்றார் என்று வைத்துக்கொள்வோம். முதல் மாதத்தில் 4,130 ரூபாய் வட்டிக்கும் வரிக்கும் போய்விடும். அசலில் கழிவது 870 ரூபாய்தான். இப்படியே மாதந்தவறாமல் 5,000 கட்டிக்கொண்டு, கார்டில் ஒரு காசுகூடப் புதிதாகச் செலவழிக்காமல் இருந்தால், கடன் தீர 44 மாதம் ஆகும். மொத்தம் கட்டினது சுமார் 2,16,000 ரூபாய்.

1938-ஆம் வருஷம் ஆச்சாரியார் மந்திரிசபை சென்னை மாகாணத்தில் கொண்டுவந்த விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டத்தில், அசலைப்போல் இரண்டு மடங்கு கட்டிவிட்ட விவசாயியின் கடன் அத்தோடு தீர்ந்தது என்று ஒரு ஷரத்து இருந்தது. அந்தச் சட்டத்தை அன்று எதிர்த்துக் கூச்சல் போட்டவர்கள் லேவாதேவிக்காரர்கள். இன்று இரண்டு மடங்குக்கு மேலும் கட்டிவிட்டு ஒருவரும் கூச்சல் போடுவதில்லை. 2003-ஆம் வருஷத்துத் தமிழ்நாடு கந்துவட்டித் தடைச் சட்டம் மீட்டர் வட்டிக்காரனுக்கு 3 வருஷம் வரை ஜெயில் என்கின்றது. அது வேண்டியதுதான். ஆனால் பாங்கி வாங்குகின்ற வட்டிக்கு அந்தச் சட்டத்தில் இடமில்லை. கிரெடிட் கார்டுக்கு வருஷத்துக்கு 100-க்கு 30-க்கு மேல் வட்டி வாங்குவது நியாயமற்ற வியாபாரமென்று தேசிய நுகர்வோர் கமிஷன் 2008-இல் தீர்ப்புச் சொல்லிற்று. 2024 டிசம்பர் 20-ஆம் தேதி சுப்ரீம் கோர்ட்டு அந்தத் தீர்ப்பை ரத்து செய்துவிட்டது. வட்டியைப் பற்றிப் பேச வேண்டிய இடம் ரிசர்வ் பாங்கி என்பது அதன் முடிவு. ஆகவே, யாரோ வந்து வட்டியைக் குறைப்பார்கள் என்று காத்திருப்பது வீண். கடன்பட்டவன் தன் கடனைத் தானே குறைந்த வட்டிக்கு நகர்த்திக்கொள்ள வேண்டியதுதான்.

நிற்க, இப்போது பாங்கிகள் "பாலன்ஸ் டிரான்ஸ்பர்" என்று ஒரு சரக்கை விற்கின்றன. ஒரு பாங்கிக் கார்டில் உள்ள பாக்கியை மற்றொரு பாங்கி கட்டிவிட்டு, அதைத் தன் கார்டில் குறைந்த வட்டிக் கடனாக எழுதிக்கொள்ளும். நாம் அதை மாதத் தவணையில் கட்டவேண்டும். இது புதிய வித்தையல்ல. ஐந்து வட்டிக் கடனைத் தீர்க்க நகையைக் கூட்டுறவு சங்கத்தில் வைப்பது நம் ஊர்களில் வெகுநாளாய் நடந்துவருவதுதான். 1929-இல் சென்னையில் ஏற்பட்ட மத்திய நில அடமான பாங்கி கொடுத்த கடன்களில் பெரும்பகுதி முன்கடனைத் தீர்ப்பதற்கென்றே கொடுக்கப்பட்டது. 2011 டிசம்பர் 30-இல் தானே புயல் அடித்து இப்பக்கத்து முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்தபோது, புதுக் கன்று வைத்துக் காய்ப்புக் காணும் வரையில் குடியானவன் பிழைத்ததும் ஒரு கடனை வைத்து இன்னொரு கடனை அடைத்துத்தானே!

ஆகவே கடனை மாற்றுவதைத் தப்பென்று நாம் சொல்ல வரவில்லை. கணக்குப் பார்த்து மாற்றுங்கள் என்றுதான் சொல்லுகின்றோம். விற்கின்றவன் "ஒரு வட்டிதான் சார்" என்பான். உடனே "குறைகின்ற அசலுக்கா, முதல் அசலுக்கா?" என்று கேட்க வேண்டும். 1,00,000 ரூபாயை 12 மாதத் தவணையில் கட்டும்போது, குறைகின்ற அசலுக்கு ஒரு வட்டி என்றால் மொத்த வட்டி சுமார் 6,600 ரூபாய். முதல் அசலுக்கு ஒரு வட்டி என்றால் 12,000 ரூபாய். கடைசி மாதத்தில் நம்மிடம் நிற்கும் கடன் பத்தாயிரத்துக்கும் குறைவாயிருக்கும்போது, லட்சத்துக்குப் போடும் வட்டியையே போடுகின்றான். அதை ஒரு வட்டி என்று சொல்லுவது பித்தலாட்டம். உண்மையில் அது ஏறக்குறைய 1 ரூபாய் 80 காசு வட்டி. இதன் மேல் மாற்றுக் கூலி என்று 100-க்கு 2 வீதம் வாங்கினால் வரியோடு 2,360 ரூபாய்.

"இவ்வளவு பித்தலாட்டம் இருக்கும்போது ஏன் மாற்ற வேண்டும் ஐயா?" என்று சிலர் கேட்கலாம். அந்த மோசமான கணக்கிலும் லாபம் இருக்கின்றது. முதல் அசலுக்கு ஒரு வட்டி, அதற்கு வரி, கூலி எல்லாம் சேர்த்து 12 மாதத்துக்கு 16,520 ரூபாய் ஆகும். அதே கடனைப் பழைய கார்டிலேயே வைத்து அதே 12 மாதத்தில் தீர்ப்பதானால் ஏறக்குறைய 28,800 ரூபாய் ஆகும். மாதம் பத்தாயிரம் நம்மால் முடியாது, ஐயாயிரம்தான் முடியும் என்கின்றவர், அதே வட்டிக்கு 24 மாதத் தவணை கேட்டு வாங்கினால், வரியோடு மாதம் சுமார் 5,350 ரூபாய் வரும். கூலி உள்பட மொத்தம் 1,30,680 ரூபாயோடு தீர்ந்துவிடும். முன்னே சொன்ன 2,16,000 எங்கே, இது எங்கே! இரண்டு பேரும் மாதம் கட்டுவது ஏறக்குறைய ஒரே தொகைதான்.

இவ்வளவு லாபமுள்ள காரியத்தைச் செய்தும் பலர் ஏன் முன்னிலும் அதிகக் கடனாளியாகின்றார்கள்? கடனை மாற்றின மறுநாள் பழைய கார்டு காலியாகின்றது. அதில் மறுபடியும் ஒரு லட்சம் வரை செலவழிக்கலாம் என்று செய்தி வருகின்றது. தீபாவளி வருகின்றது, மைத்துனன் பிள்ளைக்குக் காதுகுத்து வருகின்றது. ஆறு மாதத்தில் பழைய கார்டிலும் கடன், புதிய கார்டிலும் தவணை. ஒரு கடன் இரண்டு கடன் ஆயிற்று. மகளிர் குழுக் கடனிலும் நாம் காண்பது இதுதான். ஒரு கம்பெனித் தவணைக்கு இன்னொரு கம்பெனியில் வாங்குவது, அதற்கு மூன்றாவது கம்பெனி. குடும்ப வருமானத்தில் பாதிக்கு மேல் கடன் தவணைக்குப் போகக்கூடாதென்று 2022-இல் ரிசர்வ் பாங்கி நுண்கடனுக்கு வரம்பு கட்டிற்று. வட்டி குறையாமல் வெறுமனே இடம் மாறுகின்ற கடனுக்கு அந்த வரம்பு என்ன செய்யும்?

நகை இருக்கின்றவர்கள் கார்டு மாற்றுவதைவிட நகைக் கடன் வாங்குவதே மேலென்பது நமது அபிப்பிராயம். சர்க்கார் பாங்கியிலும் கூட்டுறவு சங்கத்திலும் அது பெரும்பாலும் முக்கால் வட்டிக்கும் ஒரு வட்டிக்கும் நடுவில் கிடைக்கின்றது. ஆனால் ஒரு கேள்வி. அந்த நகை யாருடையது? கார்டைத் தேய்த்தவர் புருஷர், பாங்கிப் பெட்டிக்குள் போவது மனைவியின் சங்கிலி. எவ்வளவு கடன், எதற்காகப் பட்டது, என்றைக்கு மீட்பது என்பதை அந்த அம்மாளிடம் சொல்லி, அவர் சம்மதம் வாங்கிச் செய்கின்ற வீடுகள் எத்தனை? ஏலத்துக்குப் போனால் மூளியாகின்ற கழுத்து அவருடையது. ஆதலால் கணக்கும் அவர் கையில்தான் இருக்க வேண்டும்.

கடைசியாக, கடன் தீர நல்ல நேரம் பார்க்கின்ற தோழர்களுக்கு ஒரு வார்த்தை. கும்பகோணத்துக்கு அப்பால் திருச்சேறையில் ருண விமோசனருக்கு 11 திங்கட்கிழமை பூஜை செய்தால் கடன் தீருமென்கின்றார்கள். மைத்ர முகூர்த்தத்தில் கடனில் ஒரு சிறு பகுதியைக் கட்டினால் முழுக் கடனும் அடையுமென்று பஞ்சாங்கக்காரர் நேரம் குறித்துக் கொடுக்கின்றார். பாங்கியின் கம்ப்யூட்டருக்குப் பஞ்சாங்கம் தெரியாது. அது நாள் கணக்கில் வட்டி போடுகின்றது. 3½ வட்டிக்கு நிற்கும் ஒரு லட்சத்துக்கு ஒரு நாளைக்கு வரியோடு 135 ரூபாய்க்கு மேல் ஏறுகின்றது. சம்பளம் வந்த அன்றே கட்டாமல் முகூர்த்தத்துக்காகப் பத்து நாள் காத்திருந்தவர், காத்திருந்ததற்காக மட்டும் 1,350 ரூபாய் தண்டம் கட்டுகின்றார். கடன் வாங்கும்போது எந்த ராகுகாலத்தையும் பார்க்காதவர்கள், கட்டும்போது மட்டும் நாள் பார்ப்பது ஏனோ நமக்கு விளங்கவில்லை.

ஊரில் கடனைத் தீர்த்தவன் புரோநோட்டைக் கையில் வாங்கிக் கிழித்துப் போட்டுவிட்டுத்தான் வீட்டுக்குத் திரும்புவான். கார்டு மாற்றுகின்றவர்களும் அப்படியே செய்ய வேண்டும். புதிய பாங்கி பணத்தைக் கட்டினவுடன், பழைய கார்டில் சில்லறைப் பாக்கி எதுவும் இல்லையென்று பார்த்துக்கொண்டு, அதை மூடச் சொல்லி எழுத்து மூலம் கேளுங்கள். பாக்கியில்லாத கார்டை, கேட்ட 7 வேலை நாளுக்குள் மூட வேண்டுமென்றும், தவறினால் நாளொன்றுக்கு 500 ரூபாய் வாடிக்கைக்காரருக்குக் கொடுக்க வேண்டுமென்றும் 2022-ஆம் வருஷத்து ரிசர்வ் பாங்கிக் கட்டளை சொல்லுகின்றது. மூட மாட்டேனென்று சாக்குப்போக்குச் சொன்னால் பாங்கிக்குப் புகார் எழுதி, 30 நாளில் பதில் வராவிட்டால் ரிசர்வ் பாங்கி ஆம்பட்ஸ்மனுக்கு எழுதலாம். அதற்குக் கட்டணமில்லை, வக்கீலும் வேண்டியதில்லை. பாக்கியில்லை என்கின்ற கடிதத்தை வாங்கிப் பத்திரமாக வைத்துக்கொண்டு, அதன் பிறகு கத்தரிக்கோலை எடுங்கள்.