சொந்தக்காரர் இல்லாத ஊர்

சென்ற மாதம் சுங்கை ஊடாங் பக்கத்துத் தோட்டத்து முதிய தம்பதிகள் இருவர் நமது ஆபீசு மேசை முன் வந்து நின்றனர். அவருக்கு வயது அறுபத்திரண்டு, அம்மையாருக்கு அறுபது. இளமையில் பால்மரம் வெட்டி, பின்னர் செம்பனைக்கு உரம் போட்டு, சேமநிதியில் சேர்ந்த பணத்தைக் கொண்டு முதன் முறையாகக் கடல் கடந்து போகத் துணிந்தவர்கள். இந்தியா செல்ல விசா மனுப் போட்டுத் தரும்படி கேட்டார்கள். கிராணி வேலையில் இருப்போருக்கு இது வழக்கமான காரியந்தான்.

பெரியவர் சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினார். மகன் எழுதிக் கொடுத்த பிரயாணத் திட்டம். பதினான்கு நாட்கள். அவற்றில் நாலு நாள் பங்காளி வீடு. மூன்று நாள் அத்தை மகன் வீடு. ஐந்து நாளில் பதினொரு கோயில். ஒரு நாள் ஜவுளிக் கடை. ஒரு நாள் திரும்பும் விமானம். பின்பக்கத்தில் சாமான் ஜாபிதா: கோடாலித் தைலம், மைலோ டின், பிஸ்கட்டு, கைத்தொலைபேசி இரண்டு.

அதுவரை வாய் திறவாதிருந்த அம்மையார் கேட்டார்: "தம்பி, மலைமேலே ஏறிப்போகிற ரயிலு ஒன்று இருக்காமே. அந்த ஊரிலே நமக்குச் சொந்தக்காரங்க யாரும் இல்லை. போகலாமா?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பைப் பற்றியே இதனை எழுதுகிறோம்.

நேயர்களே! அந்த அம்மையார் கேட்டதில் என்ன பிழை கண்டீர்கள்? நாற்பது ஆண்டுகள் விடியுமுன் எழுந்து வேலைக்குப் போன ஒருத்தி, தன் பணத்தில், தன் கண்ணால் ஒரு மலையைக் காண வேண்டுமென்றால் அது நகைப்புக்குரியதா? "இந்த வயதில் உல்லாசம் எதற்கு?" என்கிறார்கள். இளம் வயதில் கேட்டிருந்தால் "பிள்ளைகளைப் பார்" என்றிருப்பீர்கள். பிள்ளைகள் வளர்ந்தபின் "பேரப்பிள்ளைகளைப் பார்" என்கிறீர்கள். எந்த வயதில்தான் போவது?

நமது மக்கள் "ஊருக்குப் போய் வந்தேன்" என்று சொல்வதன் பொருளைச் சற்று ஆராய வேண்டும். ஊருக்குப் போன கணவன் திண்ணையில் அமர்கிறான், நாலு பேரைச் சந்திக்கிறான், கடைத்தெருவுக்குப் போகிறான். மனைவியோ வந்திறங்கிய மறு காலையே அடுப்படிக்குப் போகிறாள். விருந்தாளி என்று பெயர். வெங்காயம் உரிப்பது வேலை. இங்கிருந்து நாலு மணி நேரம் பறந்து போய் அவள் கண்டது இன்னொரு சமையலறை. திரும்பி வந்ததும் அக்கம் பக்கத்துப் பெண்கள் "என்னென்ன பார்த்தாய்?" என்று கேட்டால் யார் யாருக்கு என்னென்ன கொடுத்தோம் என்றே சொல்கிறாள். இதுவா பிரயாணம்? கோயிலுக்குப் போவோரை நாம் தடுக்கவில்லை. ஐந்து நாளில் பதினொரு கோயில் ஓடுவதில் பக்திக்காவது இடமுண்டா என்றுதான் கேட்கிறோம்.

நம் பாட்டன்மார் வந்த பிரயாணம் வேறு. 1926 முதல் 1973 வரை ஓடிய ராஜூலாவின் மேல்தட்டில் பாயை விரித்து, நாகப்பட்டினத்திலிருந்து பினாங்கு வரை கடலைக் கண்டவர்கள் அதை அழகென்று காணவில்லை. எப்போது கரை வரும் என்றே கண்டார்கள். அந்தக் கணக்கை அவர்தம் பேரப் பிள்ளைகளாவது தீர்க்க வேண்டாமா?

நிற்க. "மலை பார்ப்பதும் அருவி பார்ப்பதும் வெள்ளைக்காரன் பழக்கம்" என்று ஒருவர் நம்மிடமே சொன்னார். நாமும் ஆங்கிலப் பள்ளியில் படித்தபோது இங்கிலாந்து ஏரிக்கரை மலர்களைப் பற்றிய பாட்டைத்தான் மனப்பாடம் செய்தோம். ஆகவே அவரை மட்டும் குறை சொல்வதற்கில்லை. பத்துப்பாட்டில் மலைபடுகடாம் என்றொரு பாட்டு இருப்பதைப் பின்னரே அறிந்தோம். 583 அடிகள். நன்னனிடம் செல்லும் கூத்தருக்கு வழி சொல்வது அது: எந்த வழி வழுக்கும், எங்கே உணவு கிடைக்கும், எங்கே தங்கலாம், மலையில் என்னென்ன ஓசைகள் எழும் என்றெல்லாம் விரியும் பாட்டு. பரிசில் பெறத்தானே போனார்கள் என்பீர், ஆம். ஆயினும் பரிசிலைக் காட்டிலும் வழியையே புலவர் நீளப் பாடினார்.

இனி, அம்மையார் கேட்ட ரயிலுக்கு வருவோம். மேட்டுப்பாளையத்திலிருந்து உதகமண்டலம் வரை 46 கிலோமீட்டர். 1899இல் குன்னூர் வரையும் 1908இல் உதகை வரையும் ஓடத் தொடங்கியது. தண்டவாளத்தின் நடுவே பல் பதித்த இரும்புச் சட்டம். செங்குத்தான ஏற்றத்தில் எஞ்சினின் பற்சக்கரம் அதைப் பற்றி ஏறுகிறது. எஞ்சின் பின்னே நின்று தள்ளுகிறது. மேலேற ஏறத்தாழ ஐந்து மணி நேரம். முதியோருக்கென்றே செய்தது போன்ற வேகம்! ஐப்பசி, கார்த்திகை மழையில் மண் சரிந்து ரயில் நின்றுவிடுவதுண்டு. ஆகையால் தை, மாசியே சிலாக்கியம். இடமோ பல வாரங்களுக்கு முன்பே பதிவாகிவிடும். வாடகைக் கார் எடுத்துப் போவதாயின், 2024 மே மாதம் முதல் நீதிமன்ற உத்தரவுப்படி இ-பாஸ் வேண்டும்.

மேலே போனால் தேயிலை. பிறர் அதைப் பச்சைக் கம்பளம் என்று படம் பிடிப்பர். நம்மவர் கண்ணுக்கு அதில் வரிசையும் கூடையும் முதலில் தெரியும். 1964 ஒப்பந்தத்தினால் இலங்கையிலிருந்து பெயர்க்கப்பட்ட தமிழர் பலர் நீலகிரியில்தான் குடியேறினர். அவர்களுக்கென்று அரசு நட்ட தோட்டங்களே இன்றைய டான்டீ. அங்கே கொழுந்தெடுக்கும் ஒருத்தியும் சுங்கை ஊடாங் அம்மையாரும் ஐந்து நிமிஷம் பேசினால், எந்த வழிகாட்டியும் சொல்லாத செய்திகளை இருவரும் அறிவர்.

பதினான்கு நாளைப் பங்கிடுவதில் நம் அபிப்பிராயம் இது: திருச்சியில் இறங்கி இரண்டு நாள் ஓய்வு, நீலகிரியில் ஆறு நாள், கோவையிலிருந்து இரவு ரயிலில் போய்க் கன்னியாகுமரியில் மூன்று நாள், உறவினருக்கு இரண்டு நாள், திரும்ப ஒரு நாள். குமரியில் 133 அடி வள்ளுவர் சிலைக்கும் பாறைக்கும் இடையே 2024 டிசம்பரில் கண்ணாடிப் பாலம் திறந்தாயிற்று. படியேற முடியாத முழங்கால்கள் கரையிலிருந்தே சூரியோதயம் காணலாம். ஆறு நாளில் ஆறு ஊர் காட்டும் கம்பெனிகளிடம் அகப்படாதிருக்க வேண்டும். அவர்கள் காட்டுவது பேருந்தின் முன்சீட்டு முதுகை. மருந்துகளைக் கைப்பையிலேயே வைத்துக்கொள்ள வேண்டும். நம் நாட்டில் அறுபது வயதானோருக்குப் பாஸ்போர்ட்டுக் கட்டணம் பாதிதான், நூறு வெள்ளி. அரசாங்கத்துக்குக்கூட இவர்கள் போகலாமென்று தோன்றியிருக்கிறது. பெற்ற பிள்ளைகளுக்குத்தான் தோன்றவில்லை.

தாளைத் திருப்பி எழுதிக் கொடுத்தோம். பெரியவர் நெடுநேரம் பார்த்தார். "பங்காளி கோபிச்சுக்குவானே" என்றார். "கோபிக்கட்டும்" என்று அம்மையாரே பதில் சொன்னார். தை மாதத்துக்கு டிக்கட்டு எடுத்தாயிற்று. கம்பளிச் சட்டை எங்கே மலிவாகக் கிடைக்கும் என்று மலாக்காக் கடைகளில் விசாரித்துக் கொண்டிருக்கிறார்கள். மைலோ டின் மட்டும் ஜாபிதாவில் இன்னும் இருக்கிறது. அதை அடித்துவிடச் சொல்ல நமக்கும் துணிவு வரவில்லை.