"எப்பிடி வந்ததாம்?"

டிசம்பர் 1 வந்தால் எங்கட ஊர்களிலும் சிவப்பு ரிப்பன் குத்துகிறோம், பதாகையோடு படம் எடுத்துப் பேஸ்புக்கில் போடுகிறோம். டிசம்பர் 2 அன்று யாருக்காவது எச்.ஐ.வி. என்று கேள்விப்பட்டால் நாங்கள் கேட்கிற முதல் கேள்வி: "எப்பிடி வந்ததாம்?" ஆள் எப்பிடி இருக்கிறார் என்று ஒருவரும் கேட்பதில்லை.

2004 முதல் இலங்கையில் எச்.ஐ.வி.க்கான மருந்து அரச கிளினிக்குகளில் இலவசம். குளிசையை ஒழுங்காகப் போட்டு, இரத்தத்தில் வைரஸ் கண்டுபிடிக்க முடியாத அளவுக்குக் குறைந்து அப்படியே நின்றால், உடலுறவால்கூட அது மற்றவருக்குத் தொற்றாது. தாயிடமிருந்து பிள்ளைக்குத் தொற்றுவதை ஒழித்த நாடு என்று 2019இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை அங்கீகரித்தது. மருத்துவம் தன் வேலையைச் செய்கிறது. நாங்கள்?

அந்தக் குளிசை ஒவ்வொரு நாளும் போட வேண்டியது. வீட்டாருக்கு ஒளித்துப் போடுகிறவர், செத்த வீடு, கலியாண வீடு என்று சனம் கூடினால் அன்றைக்கு விட்டுவிடுவார். விட்டு விட்டுப் போட்டால் வைரஸ் திரும்பப் பெருகும். மருந்துக்கும் அடங்காமல் போகலாம். எங்கட ஊர்க்கதை ஒரு மனிசரின் இரத்தத்துக்குள் போய் வேலை செய்வது இப்படித்தான்.

குளியாப்பிட்டியில் ஒரு சிறுவனின் தகப்பன் எய்ட்ஸில் இறந்ததாக வதந்தி பரவியது. பிள்ளைக்குத் தொற்றே இல்லை. ஆனாலும் மற்றப் பெற்றோர் அவனோடு தங்கட பிள்ளைகளை இருக்க விடவில்லை. உயர் நீதிமன்றம் வரை போய்த்தான், 2016 ஏப்ரலில், அவனுடைய கல்வியுரிமை உறுதியானது. "அது வேற ஊர்" என்று தப்ப வேண்டாம். கல்லடியிலோ காத்தான்குடியிலோ படுவான்கரையிலோ இப்படி ஒரு கதை கிளம்பினால் நாங்கள் என்ன செய்வோம்? நெஞ்சில கை வச்சுச் சொல்லுங்க.

"ஒழுக்கமா இருந்தா வராதுதானே" என்பவர்களுக்கு: புருசனைத் தவிர வேறு ஆளைத் தெரியாத பெண்ணுக்கும் வருகிறது. ஆனால் அந்த நியாயத்தில் நாங்கள் தொங்கப் போவதில்லை. 'பாவப்பட்ட' நோயாளி, 'பிழைவிட்ட' நோயாளி என்று பிரிக்கத் தொடங்கினால் பரிசோதனைக்கே ஆட்கள் போகமாட்டார்கள்.

அதே 2004இல் சுனாமி வந்தது. அதற்குப் பிறகு இந்த வாவிக்கரைச் சனம், இழந்தவர் பக்கத்தில் சும்மா இருந்து கேட்கப் பழகியது. 'உளசமூக ஆதரவு' என்ற சொல் எங்களுக்குப் புதிதில்லை. இந்த ஒரு நோய்க்கு மட்டும் அது ஏன் மறந்துபோகிறது?

ஒருவர் நம்பிச் சொன்னால் அது உங்களோட நிற்கட்டும். கிளினிக்குக்குத் துணை வேணுமா என்று கேளுங்க. ஒரே பீங்கானில் சாப்பிடுங்க. எப்பிடி வந்தது என்ற கேள்வியை விடுங்க. "சாப்பிட்டியா?" எண்டு கேட்டாலே பாதி ஆறுதல்.