பழுது என்று முடிவு கட்டுமுன்

லினக்ஸ் இயங்கும் கணிப்பொறியில் ஒரு நிரலின் சின்னத்தை இருமுறை சொடுக்குகிறீர்கள். சுட்டிக்குறி அருகே ஒரு வட்டம் சற்று நேரம் சுழல்கிறது. பிறகு ஒன்றுமே நடப்பதில்லை. சன்னலும் திறக்கவில்லை, பிழைச் செய்தியும் வரவில்லை. அடுத்து என்ன செய்வீர்கள்? "அழித்துவிட்டு மறுபடியும் நிறுவு" என்பார் ஒருவர். "லினக்ஸையே புதிதாகப் போட்டுவிடு" என்பார் இன்னொருவர். இரண்டுமே நோயைக் கேட்காமல் மருந்து கொடுக்கும் வைத்தியம் என்பது என் கருத்து.

நிரல் உண்மையில் பேசாமல் இல்லை. அது சொல்வது நம் காதில் விழவில்லை, அவ்வளவுதான். லினக்ஸுக்கு முன்னோடியான யூனிக்ஸ், அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் உருவானது. 1970களில் அங்கே ஒளி அச்சுக்கோப்பு இயந்திரம் ஒன்றைப் பயன்படுத்தினர். தாளை இரசாயனத்தில் கழுவி எடுத்துப் பார்த்தால், சில சமயம் கட்டுரைக்குப் பதிலாக "கோப்பைத் திறக்க முடியவில்லை" என்ற செய்தி மட்டுமே அச்சாகியிருக்கும்! இத்தகைய தொல்லைகளால் பிழைச் செய்திகளுக்கென்று தனிப் பாதை அமைக்கப்பட்டது. அந்தப் பாதை இன்றும் லினக்ஸில் இருக்கிறது. சின்னத்தைச் சொடுக்கித் தொடங்கும்போது அது பெரும்பாலும் நாம் பார்க்காத குறிப்பேட்டில் போய் முடிகிறது. அதே நிரலின் பெயரை டெர்மினலில் தட்டச்சு செய்து எண்டர் விசையை அழுத்துங்கள். மறைந்திருந்த செய்தி கண்முன்னே வரும்.

'அனுமதி மறுக்கப்பட்டது' என்றால், கோப்புக்கு இயங்கும் உரிமை தரப்படவில்லையா என்று பாருங்கள். 'இடம் மீதமில்லை' என்றால் வட்டு நிறைந்துவிட்டது. செய்தியே வராவிட்டாலும் நிரல் ஓர் எண்ணை விட்டுச் செல்லும். 'எக்கோ' என்ற ஆங்கிலச் சொல்லை அடித்து, இடைவெளி விட்டு, டாலர் குறியையும் கேள்விக்குறியையும் ஒட்டி அடித்தால் அது தெரியும். 0 என்றால் நிரல் குறையின்றி முடிந்தது. 126 என்றால் கோப்பு இருக்கிறது, இயக்க முடியவில்லை. 127 என்றால் பெரும்பாலும் அந்தப் பெயரில் நிரலே அகப்படவில்லை. 139 என்றால் தனக்கு உரிமையில்லாத நினைவகப் பகுதியைத் தொட்டதால் நிரல் நிறுத்தப்பட்டது.

இதில் அவசரப்பட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஓர் உண்மை நிகழ்ச்சி உண்டு. 2022 ஏப்ரலில் உபுண்டு 22.04 வெளிவந்தது. அதுவரை நன்றாக ஓடிய பல 'ஆப்இமேஜ்' நிரல்கள் அதில் ஓசையின்றி நின்றன. டெர்மினலில் இயக்கியவர்களுக்குக் காரணம் ஒரே வரியில் கிடைத்தது. பல நிரல்களுக்குப் பொதுவான வேலைகளைச் செய்து தரும் துணைக் கோப்புகளை லைப்ரரி என்பார்கள். அந்த நிரல்கள் தேடியது 'லிப்ஃபியூஸ்' என்ற லைப்ரரியின் 2ஆம் பதிப்பை. புதிய உபுண்டுவில் முன்கூட்டியே இருந்ததோ 3ஆம் பதிப்பு. 'லிப்ஃபியூஸ்2' என்ற சிறு தொகுப்பைச் சேர்த்தால் போதும், நிரல் திறந்துவிடும்.

ஆனால் பாதிப் பெயரைப் பிடித்துக்கொண்டு 'ஃபியூஸ்' என்ற தொகுப்பை நிறுவினால் கதை வேறு. அது 3ஆம் பதிப்புத் தொகுப்பை வெளியேற்றும். அதை நம்பியிருந்த திரைச்சூழலின் பகுதிகளும் உடன் போகலாம். ஒரு நிரல் திறக்கவில்லை என்று தொடங்கியவர் கணிப்பொறியையே முடக்கிக்கொள்வார்! இத்தனைக்கும், நீக்கப்போகும் தொகுப்புகளின் பட்டியலைக் காட்டிச் சம்மதம் கேட்ட பிறகே அந்தக் கட்டளை வேலையைத் தொடங்கும். படிக்காமல் 'ஆம்' என்பதில்தான் ஆபத்து இருக்கிறது.

"ஓட்டுவது நம் வேலை, பழுது பார்ப்பது மெக்கானிக்கின் வேலை" என்று சிலர் வாதிடலாம். மருத்துவரிடம் போவதானாலும் எங்கே வலிக்கிறது, எப்போது தொடங்கியது என்று நாம்தானே சொல்ல வேண்டும்? கிடைத்த செய்தியை எழுத்துப் பிசகாமல் குறித்துக் கொடுத்தால் உதவுபவருக்குப் பாதி வேலை முடிந்தது. "திறக்கவில்லை" என்று மட்டும் சொன்னால் அவரும் ஊகிக்கத்தான் முடியும்.

குற்றம் முழுவதும் பயன்படுத்துபவருடையது அல்ல. பிழையைத் திரையில் காட்டாமல் மறைக்கும் மென்பொருளை ஆக்கியவர்களுக்கும் அதில் பங்குண்டு. ஆயினும் அவர்கள் திருந்தும்வரை நாம் காத்திருக்க வேண்டியதில்லை. 1991இல் லினக்ஸைத் தொடங்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் அப்போது ஹெல்சிங்கி பல்கலைக்கழகத்தில் மாணவர். உள்ளே என்ன நடக்கிறது என்று எவரும் பார்க்கலாம் என்பதே அவர் தொடங்கியதன் தனிச்சிறப்பு. அந்த உரிமையைப் பயன்படுத்தாமல் எல்லாவற்றையும் அழித்துத் திரும்ப நிறுவுவது, சோதனை தவறியதும் சோதனைக் குழாயைக் கழுவி வைப்பது போன்றது. தடயமும் போய்விடும், அதே கோளாறு மறுபடி வந்தால் மறுபடி திகைப்போம்.

ஆகவே மாணவ நண்பர்களே, பள்ளிக் கணிப்பொறியில் 'பழுது' என்று சீட்டு ஒட்டுமுன் அதனிடம் ஒரு கேள்வி கேளுங்கள். விடையை நோட்டில் எழுதுங்கள். ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம் செய்து விளைவைப் பாருங்கள். ஆய்வுக்கூடத்தில் நீங்கள் பயிலும் முறையும் இதுதான்.