ஆலிவ் தோப்புகளில் யூத மதகுருமார்: 2006 தீர்ப்புக்குப் பின்னும் தொடரும் போராட்டம்

புதுதில்லி: மேற்குக் கரையில் ஆலிவ் அறுவடை ஆண்டுதோறும் அக்டோபரில் தொடங்கி நவம்பர் வரை நீடிக்கிறது. ஐ.நா. மதிப்பீட்டின்படி, 80,000 முதல் 1 லட்சம் வரையிலான பாலஸ்தீனக் குடும்பங்கள் முழுமையாகவோ பகுதியாகவோ இந்த விளைச்சலை நம்பி வாழ்கின்றன. 2025 அக்டோபரில் மட்டும் அங்கு இஸ்ரேலியக் குடியேறிகள் நடத்திய 260-க்கும் மேற்பட்ட தாக்குதல்களை ஐ.நா. மனிதாபிமான விவகார ஒருங்கிணைப்பு அலுவலகம் பதிவு செய்தது. அந்த அலுவலகம் 2006-ஆம் ஆண்டு இக்கணக்கைத் தொடங்கியதிலிருந்து ஒரே மாதத்தில் பதிவான மிக அதிக எண்ணிக்கை இதுவே.

அதே 2006-ஆம் ஆண்டு ஜூனில்தான், பாலஸ்தீன விவசாயிகள் தங்கள் நிலத்துக்குச் செல்லும் உரிமையை ராணுவம் பாதுகாத்தே தீர வேண்டும் என்று இஸ்ரேல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அவ்வழக்கில் கிராம மன்றங்களுடன் இணைந்து மனு தாக்கல் செய்த அமைப்புகளுள் ஒன்று, 'மனித உரிமைகளுக்கான ரப்பிகள்' என்ற யூத மதகுருமார் அமைப்பாகும்.

(இங்கே ஒரு சிறு விளக்கம் அவசியமாகிறது. யூத மதகுருவைக் குறிக்கும் சொல்லை 'ரபி' என்றும் எழுதுவதுண்டு. ஆயினும், வேளாண் செய்திகளைப் படித்துப் பழகிய இந்திய வாசகருக்கு அச்சொல் முதலில் சாகுபடிப் பருவத்தையே நினைவூட்டும் என்பதால் இங்கு 'ரப்பி' என்றே எழுதப்படுகிறது.)

மௌனத்துக்கு எதிராகப் பிறந்த அமைப்பு: 1987 டிசம்பரில் பாலஸ்தீனர்களின் முதல் எழுச்சி வெடித்தது. அதை ஒடுக்க ராணுவம் கையாண்ட முறைகள் குறித்து இஸ்ரேலின் அதிகாரபூர்வ மதபீடம் பேசாதிருந்தது. ஓய்வுநாள் அனுசரிப்புக்கும் உணவு விதிகளுக்கும் குரல் கொடுக்கும் மதத் தலைமை, அண்டை மக்களின் துயரத்தின்போது ஏன் வாய் திறப்பதில்லை என்று கேட்டவர், அமெரிக்காவில் பிறந்து இஸ்ரேலில் குடியேறிய ரப்பி டேவிட் ஃபோர்மன். 1988-இல் அவர் முன்னின்று தொடங்கிய இவ்வமைப்பில், ஒருவரையொருவர் எளிதில் ஏற்றுக்கொள்ளாத சீர்திருத்த, பழமைபேண், வைதீகப் பிரிவுகளின் ரப்பிகள் ஒன்றுசேர்ந்தனர். இஸ்ரேலியச் சூழலில் இதுவே அரிய நிகழ்வு.

பாலஸ்தீனர் பிரச்சினையோடு இவர்களது பணி நின்றுவிடவில்லை. அரசு உதவித்தொகை பெறும் வேலையற்றோரைத் தனியார் நிறுவனங்களின் கண்காணிப்பில் விட்ட 'விஸ்கான்சின் திட்டத்தை' எதிர்த்தும் அவர்கள் இயக்கம் நடத்தினர். அத்திட்டம் 2010-இல் முடிவுக்கு வந்தது. எனினும், இவர்களது பெயரை உலகம் அறிந்தது ஆலிவ் தோப்புகளின் வழியாகவே.

தோப்பில் ரப்பிக்கு என்ன வேலை என்ற கேள்வி எழலாம். அதற்கான விடை மேற்குக் கரையின் சட்ட அமைப்பில் உள்ளது. 1967 முதல் இஸ்ரேலின் ஆக்கிரமிப்பில் உள்ள அப்பகுதியில் பாலஸ்தீனர்களுக்கு ராணுவச் சட்டமும், அருகிலேயே வாழும் குடியேறிகளுக்கு இஸ்ரேலியக் குடிமைச் சட்டமும் பொருந்துகின்றன. தாக்கப்பட்ட விவசாயி புகார் அளிக்க இஸ்ரேலியக் காவல் நிலையத்துக்குச் செல்ல வேண்டும். அதுவோ பெரும்பாலும் குடியேற்றப் பகுதிக்குள் அமைந்திருக்கும். இந்நிலையில், ஹீப்ரு பேசும், இஸ்ரேலியக் குடியுரிமை அட்டை வைத்திருக்கும், தலையில் மதத் தொப்பி அணிந்த ஒருவர் விவசாயியின் அருகே நின்று காய் பறிக்கும்போது, ராணுவ வீரர் நடந்துகொள்ளும் விதம் மாறுகிறது. அந்த மாற்றத்தையே இவ்வமைப்பு தனது கருவியாக்கிக்கொண்டது.

இதற்கான வேதச் சான்றையும் அவர்கள் முன்வைக்கின்றனர். ஒரு நகரை முற்றுகையிடும்போதுகூட அதன் கனிமரங்களை வெட்டக் கூடாது என்று உபாகமம் 20-ஆம் அதிகாரம் விதிக்கிறது. போரிலேயே விலக்கப்பட்ட செயலை இரவோடு இரவாக அண்டை வீட்டாரின் தோப்பில் செய்வதற்கு எந்தச் சமயத்தில் இடமுண்டு என்பதே அவர்களது வாதம். அதே நூலின் 16-ஆம் அதிகாரத்தில், பின்பற்றப்பட வேண்டியதாக நீதியைக் குறிக்கும் 'ட்சேதெக்' என்ற ஹீப்ருச் சொல் அடுத்தடுத்து இருமுறை வருகிறது. இதன் வேரிலிருந்தே ஏழைக்குக் கொடுப்பதைக் குறிக்கும் 'ட்செதகா' என்ற சொல்லும் பிறக்கிறது. ஆங்கிலத்தில் ஒன்று நீதியாகவும் மற்றொன்று ஈகையாகவும் பிரிந்துபோகின்றன. தமிழில் 'அறம்' என்ற ஒரே சொல் ஏறத்தாழ இரண்டையும் தாங்குகிறது.

தீர்ப்பு தந்ததும் தராததும்: 2006-க்கு முன்பு, குடியேறிகளால் மோதல் ஏற்படக்கூடும் என்று கருதப்பட்ட தோப்புகளை ராணுவம் மூடிவிடுவது வழக்கம். விவசாயியின் பாதுகாப்புக்காக விவசாயியையே வெளியேற்றினர். வீட்டில் திருடன் பதுங்கியிருப்பதைக் காரணம் காட்டி வீட்டுக்காரரை உள்ளே விடாமல் தடுப்பதற்கு இது ஒப்பாகும் என்ற பொருளில் நீதிபதி டோரிட் பெய்னிஷ் எழுதிய தீர்ப்பு, அந்நடைமுறையை நிராகரித்தது. போதிய வீரர்களை நிறுத்தவும், சட்டத்தை மீறுவோர் மீது நடவடிக்கை எடுக்கவும் உத்தரவிட்டது.

தீர்ப்பின் விளைவாக 'ஒருங்கிணைப்பு' என்ற ஏற்பாடு விரிவடைந்தது. குடியேற்றங்களுக்கு அருகிலுள்ள தோப்புகளுக்கு எந்நாளில் செல்லலாம் என்பதை ராணுவம் நிர்ணயிக்கும். அந்நாள்களில் காவலும் அளிக்கும். பல ஆண்டுகளாக மூடிக்கிடந்த நிலங்கள் இதனால் மீண்டும் உழப்பட்டன என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால், ஆண்டு முழுவதும் உழவும், களையெடுப்பும், கிளை கழிப்பும் தேவைப்படும் மரத்துக்குச் சில நாள்களே ஒதுக்கப்படும்போது உரிமை என்பது அனுமதியாகச் சுருங்கிவிடுகிறது. இதுவே அத்தீர்ப்பின் மிகப் பெரிய பலவீனம் என்று கருத இடமுண்டு. ஏறத்தாழ 1,200 பேரின் உயிரைப் பறித்த 2023 அக்டோபர் 7 ஹமாஸ் தாக்குதலுக்குப் பின், அவ்வாண்டு அறுவடையின்போது அந்தச் சில நாள்களும் பலருக்குக் கிடைக்கவில்லை.

களத்தில் நின்ற ரப்பிகளும் விலை கொடுத்தனர். அமைப்பின் தலைவராக நீண்டகாலம் இருந்த ஆரிக் ஆஷர்மன், பாலஸ்தீனர் வீடுகளை இடிக்க வந்த புல்டோசர்கள் முன் நின்றதற்காக வழக்கைச் சந்தித்து 2005-இல் குற்றவாளி எனத் தீர்ப்பளிக்கப்பட்டார். 2015 அக்டோபரில் முகமூடி அணிந்த இளைஞர் ஒருவர் கத்தியுடன் அவரைத் தாக்கிய காணொலி உலகெங்கும் பரவியது. தாக்கியவரும் யூதரே.

எந்த மதபீடத்தின் குரல்? இந்த ரப்பிகள் இஸ்ரேலிய மதத் தலைமையின் பெரும்பான்மைக் குரல் அல்லர். அரசு ஊதியம் பெறும் நகர ரப்பிகள் பலர், யூதரல்லாதோருக்கு வீடு வாடகைக்கு விடக் கூடாது என்று 2010 டிசம்பரில் கையெழுத்திட்ட அறிக்கை வெளியானது. பிரதமர் பெஞ்சமின் நெதன்யாகுவே அதைக் கண்டித்தார். ஒரே வேதநூலைக் கொண்டு இருதரப்பும் எதிரெதிர் முடிவுகளை எட்டுகின்றன.

மதபீடத்தின் அதிகாரம் எவ்வளவு தூரம் செல்லும் என்பதை இந்திய யூதர்களும் அனுபவித்துள்ளனர். மகாராஷ்டிரத்தின் கொங்கண் கரையிலிருந்து இஸ்ரேலில் குடியேறிய பெனே இஸ்ரேல் சமூகத்தினர் பிற யூதர்களை மணக்க வேண்டுமெனில் அவர்களது முன்னோர் மரபை விசாரிக்க வேண்டும் என்று தலைமை மதபீடம் 1960-களின் தொடக்கத்தில் விதித்தது. அச்சமூகத்தினர் ஜெருசலேமில் போராட்டம் நடத்தினர். 1964-இல் நாடாளுமன்றம் அவர்களுக்கு ஆதரவாக நின்றதும் அவ்விதி விலக்கிக்கொள்ளப்பட்டது.

காஸா எழுப்பிய கேள்வி: காஸாவில் உயிரிழந்தோர் எண்ணிக்கை அங்குள்ள சுகாதார அமைச்சகத்தின் கணக்கின்படி 60,000-ஐக் கடந்த 2025 ஜூலையில், உலகெங்கும் உள்ள 1,000-க்கும் மேற்பட்ட ரப்பிகள் ஒரு வெளிப்படைக் கடிதத்தில் கையெழுத்திட்டனர். ஹமாஸைக் கண்டித்த அக்கடிதம், பொதுமக்களுக்கு உணவையும் மருந்தையும் தடுப்பது யூத நெறிக்கு முரணானது என்று கூறியது. அம்மாத இறுதியில் வாஷிங்டனில் செனட் பெரும்பான்மைத் தலைவரின் அலுவலகத்தில் அமர்ந்து போராடிய 27 ரப்பிகள் கைது செய்யப்பட்டனர். ஆகஸ்டில் யோசெஃப் பிளாவ் முயற்சியில் ஏறத்தாழ 80 வைதீக ரப்பிகள் தனிக் கடிதம் வெளியிட்டனர். எண்ணிக்கையில் சிறிதாயினும் இம்மூன்றில் மூன்றாவதே கூடுதல் கவனத்துக்குரியது. ஏனெனில், குடியேறிகளின் வன்முறையையும் கண்டித்த அவர்கள், குடியேறிகள் மதிக்கும் அதே வைதீக மரபுக்குள்ளிருந்து பேசினர்.

அமெரிக்க ரப்பிகளுக்கு இத்தகைய போராட்டம் புதிதல்ல. நாஜி ஜெர்மனியிலிருந்து வெளியேற்றப்பட்ட ஆபிரகாம் ஜோஷுவா ஹெஷல், 1965 மார்ச்சில் செல்மாவில் மார்ட்டின் லூதர் கிங்குடன் முன்வரிசையில் நடந்தார். ஆனால் பிறிதொரு சமூகத்தின் உரிமைக்காகத் துணைநிற்பது வேறு; தம் சமூகமே அதிகாரத்தில் இருக்கும்போது அதை எதிர்த்து நிற்பது வேறு. இஸ்ரேலிய ரப்பிகள் உள்நாட்டில் துரோகிகள் என்று ஏசப்படுகின்றனர். ஆக்கிரமிப்பை அகற்றாமல் அதன் கூர்மையை மட்டும் மழுக்குகிறார்கள் என்ற விமர்சனமும் அவர்கள் மீது வைக்கப்படுகிறது. இரண்டாவது விமர்சனத்தை அத்தனை எளிதில் ஒதுக்கிவிட முடியாது.

ஆயினும், 2025 அறுவடைக் காலத்தில் நிகழ்ந்த ஒன்று இவர்களது இருப்பின் தனித்தன்மையைக் காட்டியது. நப்லஸ் அருகே புரின் கிராமத்தில் அறுவடைக்கு உதவச் சென்ற 30-க்கும் மேற்பட்ட வெளிநாட்டுத் தன்னார்வலர்களைப் பிடித்த இஸ்ரேலிய அதிகாரிகள், அவர்களை நாடு கடத்த உத்தரவிட்டனர். இஸ்ரேலியக் குடிமக்களான ரப்பிகளைக் கைது செய்யலாம், தோப்பிலிருந்து அப்புறப்படுத்தலாம். நாடு கடத்த இயலாது. மறுநாள் காலையில் அவர்கள் மீண்டும் தோப்புக்கு வரலாம்.