மேடையில் இடம், கையில் வாத்தியம்



ஒரு மேடையில் பல நிறத்தவரும், ஆண்களும் பெண்களும் நின்றால், எல்லோருக்கும் இடம் கிடைத்துவிட்டது என்று சொல்லலாமா? நிற்க இடம் கொடுப்பது ஒன்று, வாசிக்க இடம் கொடுப்பது வேறொன்று என்பது எங்கள் கருத்து. இதை விளங்கிக்கொள்ள, 2023 ஜனவரியில் காலமான றொக் கிற்றார் கலைஞர் ஜெஃப் பெக்கின் இரண்டு இசைநிகழ்ச்சிப் படங்களைப் பார்ப்போம்.

முதலாவது, 2007 நவம்பரில் லண்டனில் ரோனி ஸ்கொட்ஸ் இசைமன்றத்தில் பதிவானது. அதில் பேஸ் கிற்றார் வாசிப்பவர் நமது சிட்னியில் பிறந்த டால் வில்கன்ஃபெல்ட். 14 வயதில் கிற்றார் பழகத் தொடங்கி, 16 வயதில் அமெரிக்கா சென்றவர். அப்போது அவருக்கு வயது 20, பெக்குக்கு 63. ஸ்டீவி வொண்டர் இயற்றிய ஒரு மெதுவான பாடலில், பெக் தமது தனி வாசிப்புக்கு முன்னதாக டாலுக்கு இடம் விடுகிறார். உலகமே போற்றும் ஒரு கலைஞர் தம்முடைய மேடையில், தம்மிலும் 40 வயதுக்கு மேல் இளைய பெண்ணின் வாசிப்புக்குக் காது கொடுக்கிறார்.

இரண்டாவது, 2016 ஆகஸ்டில் ஹொலிவூட் போல் அரங்கில் பெக்கின் 50 ஆண்டு இசைப்பயணத்தைக் கொண்டாடிய நிகழ்ச்சி. அங்கே பேஸ் வாசிப்பவர் கறுப்பினப் பெண்ணான ரோண்டா ஸ்மித். இன்னொரு கிற்றார், கார்மென் வான்டன்பர்க் என்ற இளம் பெண்ணின் கையில். அதே மேடையில் 80 வயதான கறுப்பின ப்ளூஸ் கலைஞர் படி கையும் வாசிக்கிறார். இது விருந்தாளிக்குச் செய்யும் உபசாரம் மட்டுமல்ல. றொக் இசையின் வேர் ப்ளூஸிலும் கறுப்பினச் சபைகளின் பாடல்களிலும் இருக்கிறது. சபையிலே கிற்றார் வாசித்து வளர்ந்த சிஸ்டர் ரோசெட்டா தார்ப் 1973இல் மறைந்தார். றொக் இசையின் புகழ் மண்டபத்தில் அவர் பெயர் சேர்ந்தது 2018இல்தான். 45 ஆண்டு தாமதம்.

"திறமை இருந்தால் இடம் தானாக வரும்" என்று சிலர் சொல்வார்கள். திறமை வேண்டும், அதில் சந்தேகமில்லை. ஆனால் வாத்தியமே கையில் கிடைக்காத பிள்ளையின் திறமையை யார் காண்பது? ஏ. ஆர். ரகுமானின் 'ஒன் ஹார்ட்' இசைநிகழ்ச்சிப் படத்தில் பேஸ் வாசிக்கும் மும்பையின் மோகினி டேக்கு, சிறுவயதிலேயே அந்த வாத்தியத்தைக் கற்றுக்கொடுத்தவர் அவருடைய அப்பா. முதல் மேடை வீடுதான்.

தாதியராக வேலை செய்யும் எங்களுக்கு இந்த வித்தியாசம் நன்றாகவே தெரியும். விளம்பரப் படங்களில் எல்லா நிற முகங்களும் சிரிக்கும். இரவுப் பணியிலும் எல்லா நிறத்தவரும் இருப்போம். ஆனால் தீர்மானம் எடுக்கும் மேசையைச் சுற்றி யார் இருக்கிறார்கள் என்று பார்த்தால்தான் உண்மை தெரியும்.

நமது பரமட்டாவில் ஆராதனைக்கு வருகிறவர்களைப் பாருங்கள். யாழ்ப்பாணம், மட்டக்களப்பு, நாகர்கோவில், திருநெல்வேலி, மலேசியா என்று பல ஊர்க்காரர். இங்கேயே பிறந்த பிள்ளைகள் ஒரு பக்கம், இன்னும் தற்காலிக விஸாவில் இருக்கும் குடும்பங்கள் இன்னொரு பக்கம். ஆனால் பல தமிழ்ச் சபைகளில் துதிக்குழு என்றால் மைக் பெண்பிள்ளைகளுக்கு, கிற்றாரும் ட்ரம்ஸும் ஆண்பிள்ளைகளுக்கு என்பது எழுதாத சட்டம். ஆங்கிலம் சரளமாகப் பேசும் பிள்ளை முன்னுரை சொல்லும். புதிதாக வந்த பிள்ளை கதிரை அடுக்கும். கதிரை அடுக்குவதும் ஊழியம்தான். ஆனால் அது எப்போதும் ஒரே பிள்ளைக்கு விழுந்தால், அந்தப் பிள்ளை ஒருநாள் சத்தமில்லாமல் சபையை விட்டுப் போய்விடும். அப்படிப் போகிறவர்கள் முறைப்பாடு எழுதிவிட்டுப் போவதில்லை.

ஆகவே மூன்று காரியங்களை முன்வைக்கிறோம். இந்த வருட நத்தார் கெரோல் ஆராதனையில் ஒரு பாடலையாவது, இதுவரை வாத்தியம் தொடாதவர்கள் வாசிக்கட்டும். பயிற்சிக்கு இப்போதே நாள் குறிப்போம். பாடல்களைத் தெரிவு செய்யும் கூட்டத்தில் புதிதாக வந்த ஒருவரும் இருக்கட்டும். நேரலைக் கமரா பாடுகிறவர்களைக் காட்டுவதுபோல வாசிக்கிறவர்களின் கைகளையும் காட்டட்டும், வீட்டிலிருந்து பார்க்கும் ஒரு சிறுமி அதைக் கண்டு, "எனக்கும் பழக்குவீர்களா?" என்று கேட்கலாம்.

பிழையாக வாசிப்பார்களே என்று பயப்பட வேண்டாம். இன்று நன்றாக வாசிக்கும் அண்ணாமார் எல்லோரும் ஒரு காலத்தில் நம் முன்னால் பிழையாக வாசித்தவர்கள்தான். நாமும் பொறுமையாகக் கூடவே பாடினோம். தாலந்து எல்லோருக்கும் உண்டு என்று ஞாயிறு பாடசாலையில் கற்பிக்கிறோம். அதே பொறுமையைத் தங்கைமாருக்கும் புதிதாக வந்தவர்களுக்கும் கொடுப்போம்.