அந்தக் கயிறு எங்கே இருக்கு?

கண்டியில வீடு கட்டுறவங்களுக்கு முதல் எதிரி சரிவுதான். ரோட்டு மட்டத்தில கராஜ் மட்டும்தான் வரும். வீடு அதுக்குக் கீழேயோ மேலேயோ படிகளோட தொங்கும். தனியா ஒரு கேட் வைக்க இடமில்லாத வீடுகளில கராஜின் ரோலர் கதவுதான் காருக்கும் வாசல், மனுசருக்கும் வாசல். அதுக்கு ஒரு மோட்டரையும் பூட்டி, ரிமோட்டை வீட்டுக்காரர் சட்டைப் பையில போட்டுக்கொண்டு போனால்? எங்களுடைய கேள்வி இதுதான்.

பேராதனையில நாங்கள் நாலு பேர் இருக்கிற போர்டிங்கும் அப்படியான வீடுதான். ஒருநாள் காலையில கரண்ட் இல்லை. ஒன்பது மணிக்குப் பரீட்சை. சுவிட்சை அமத்தினால் சத்தமே இல்லை. "அங்கிள் வந்தால்தான் பிள்ளையள்" என்றார் அன்ரி. அங்கிள் கொழும்பில. கதவு பூட்டிய இடத்துக்குப் போன் எடுத்தால், பின்னேரம் ஆள் அனுப்புறாங்களாம். கடைசியில அடுத்த வீட்டில வேலை செய்துகொண்டிருந்த பாஸ் ஒருவர் வெளியே நின்று கத்திச் சொல்லித் தந்தார்: மோட்டருக்குப் பக்கத்தில ஒரு கயிறு தொங்கும், அதை இழுத்துவிட்டு கதவைக் கையால தூக்குங்க. இரண்டு நிமிச வேலை. அந்தக் கயிறு எதுக்கு என்று அன்ரிக்கே யாரும் சொன்னதில்லை.

கரண்ட் போறது இந்த நாட்டில அதிசயமா? 2022இல் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை வெட்டினாங்க. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி முழு நாடும் இருண்டதுக்கு பாணந்துறை உப மின்நிலையத்தில குரங்கு ஒன்று பாய்ந்ததுதான் காரணம் என்று அமைச்சர் சொன்னார். கண்டியில குரங்குக்கா பஞ்சம்! பரீட்சை போனால் திரும்ப எழுதலாம். 2021 கடைசியில காஸ் அடுப்புகள் வெடித்த மாதிரி ஒரு இரவில உள்ளே மாட்டினால் என்ன செய்யுறது?

கதவு பூட்ட வாறவர் வீட்டு ஆம்பிளைக்கு மட்டும் சிங்களத்தில விளக்கிப்போட்டுப் போறார். கூட வாற கையேடு ஆங்கிலத்தில. பகல் முழுக்க வீட்டில இருக்கிற பாட்டிக்கும், வேலைக்கு வாற அக்காவுக்கும், வாடகைக்கு இருக்கிற எங்களுக்கும் எதுவும் தெரியாது. இதைத் தொழில்நுட்பப் பிரச்சினை என்று எங்களால ஏற்கமுடியாது.

பாதிப் பழுதுக்கு ஆள் தேவையே இல்லை. சுவரில இருக்கிற சுவிட்ச் வேலை செய்து ரிமோட் மட்டும் செய்யாட்டி முதல்ல பற்றரியை மாத்திப் பாருங்க. திரும்பத் திரும்ப ஏத்தி இறக்கினபிறகு மோட்டர் நின்றால் அது சூடாகி தானா நின்றிருக்கும், கொஞ்ச நேரம் ஆறவிடுங்க. கதவு இறங்கப் போய்த் திரும்ப ஏறினால் சென்சர் கண்ணைத் துடையுங்க. சிலந்தி வலையே போதும் அதைக் குழப்ப. ஒக்டோபர், நவம்பரில பின்னேர இடி தொடங்கினால் பிளக்கைக் கழற்றி வையுங்க. சர்க்கிட் போட் எரிந்தால் செலவு பெரிசு.

சுருளுக்குள்ள இருக்கிற ஸ்பிரிங்கில மட்டும் கைவைக்கக் கூடாது. அது இறுக்கி வைத்த விசை. கதவு பாதியில நிற்கும்போது கயிற்றை இழுக்கிறதும் ஆபத்து. ஸ்பிரிங் போயிருந்தால் முழுப் பாரமும் கீழே வரும்.

சென்சரே வைக்காமல் பூட்டின கதவுகளும் இருக்கு. அமெரிக்காவில பிள்ளைகள் கதவுக்கடியில நசுங்கிச் செத்த பிறகு சட்டம் போட்டாங்க. 1993இலிருந்து அங்கே தயாராகிற வீட்டுக் கராஜ் மோட்டரில, தடைபட்டால் கதவு திரும்ப மேலே போகணும். இங்கே அதைக் கேட்டு வாங்கவேண்டியது நாங்கள்தான்.

இனி கதவு பூட்ட ஆள் வந்தால், காசு கொடுக்க முதல் மெயின் சுவிட்சை நிப்பாட்டுங்க. வீட்டில இருக்கிற எல்லாரையும் கூப்பிட்டு, ஒவ்வொருவராக் கயிற்றை இழுத்துக் கதவைத் தூக்கச் சொல்லுங்க. பாட்டியால தூக்க முடியாட்டி அந்தக் கதவை இன்னும் சரியாப் பூட்டவில்லை.